உள்ளே போர்டு இல்லை

பொற்கொடியின் கித்தாருக்கு ஒரு வியாதி. பத்து நிமிஷம் அருமையாகப் பாடும். அப்புறம் வாயை இறுக மூடிக்கொள்ளும். கால் மணி நேரம் கிடத்தி வைத்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி பாடும். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கூட இத்தனை தரம் ஓய்வு எடுக்கமாட்டான்.

அது எல்லாரும் வைத்திருக்கிற மாதிரிக் கித்தாரும் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த ஒருவன் அமெரிக்கா போகும்போது விற்றுவிட்டுப் போனது. அதன் வயிற்றுக்குள் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. முகப்பில் ஒரு குமிழ். ஒரு பக்கம் திருப்பினால் மரக் கித்தாரின் சத்தம், இன்னொரு பக்கம் பன்னிரண்டு கம்பிக் கித்தார், இன்னும் கொஞ்சம் தள்ளினால் சிதார். இருப்பது ஆறு கம்பிதான், அத்தனை வேஷமும் கட்டுவது அந்த போர்டு. போர்டு செத்தால் கித்தாரும் செத்தது. ஸ்பீக்கரில் பொட்டுச் சத்தம் வராது.

இதைத் தேடிப்பிடித்து வாங்க வைத்தவர் சாந்தம்மா. பெங்களூரில் பெண்கள் மட்டும் வாசிக்கும் இசைக்குழு நடத்துகிறவர். பொற்கொடி வேலை பார்க்கும் கம்பெனியின் ஆண்டு விழாவுக்குக் கச்சேரி செய்ய வந்த இடத்தில், யாரிடமோ இரவல் வாங்கிய கித்தாரில் அவள் இரண்டு பாட்டு வாசித்ததைக் கேட்டார். மேடையை விட்டு இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆவணி முகூர்த்தத்துக்கு எனக்கு கித்தாருக்கு ஒரு பொண்ணு வேணும்மா. மேடையில ஒருத்திக்குத்தான் இடம். சிதாரு சத்தமும் நீதான் குடுக்கணும், மத்த சத்தமும் நீதான் குடுக்கணும். அப்படி ஒரு கித்தாரு இருக்குதாம், பாரு."

இப்போது நாள் குறித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அத்திப்பள்ளியில் ஒரு கல்யாண மண்டபம். ஒரு மணி நேரம் நிறுத்தாமல் வாசித்துக் காட்ட வேண்டும். ஐந்து மணிக்குக் கோலாரில் இருந்து இன்னொரு பெண் வருகிறாள். இருவரில் ஒருத்தியை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை விடியலில் குழு மைசூர் கிளம்பிவிடும். சேர்ந்துவிட்டால் சாந்தம்மா வீட்டு மாடியில் மற்ற பெண்களோடு தங்கிக்கொள்ளலாம்.

அந்த மாடிதான் பொற்கொடியின் கனவு. ஓசூருக்கு வந்து இரண்டு வருஷமாகியும் அவளுக்குத் தெரிந்தது மூன்று இடம்: சிப்காட்டில் போர்டு தயாரிக்கும் கம்பெனி, கம்பெனி நடத்தும் பெண்கள் ஹாஸ்டல், இரண்டுக்கும் நடுவில் ஓடும் கம்பெனி பஸ். ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வார்டன் சீட்டு கொடுக்க வேண்டும். வேலையை விட்டால் அன்றைக்கே ஹாஸ்டலையும் விட வேண்டும். விட்டால் சொந்த ஊர் துறையூர்தான். அங்கே அப்பா பெரியதம்பி, "ரெண்டு வருஷம் முடியட்டும், அப்புறம் கல்யாணம்" என்று மாப்பிள்ளைக்குச் சொல்லி வைத்துவிட்டார். மூன்று பக்கமும் சுவர். நாலாவது பக்கத்தில் இருக்கிற கதவு அந்தக் கித்தார்தான், அதுவோ பத்து நிமிஷம் மட்டும் திறந்துவிட்டுச் சாத்திக்கொள்கிறது.

ஒரு வாரமாக அவள் அதைப் பிடித்துக்கொண்டு போராடினாள். முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டாள். ஆறு பென்சில் பேட்டரியும் புதிதாக மாற்றினாள். பத்து நிமிஷம். பேட்டரி உட்காரும் தகடுகளில் பச்சைப் பாசி மாதிரி பிடித்திருந்ததை ரப்பரால் தேய்த்து வெள்ளையாக்கினாள். பத்து நிமிஷம். ஒயரை மாற்றினாள், ஒயர் செருகும் துவாரத்தை ஆட்டிப் பார்த்தாள், பின்பக்க மூடியைக் கழற்றி போர்டுக்குப் போகிற பட்டை ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை வந்து, ஒவ்வொரு தடவையும் பத்தாவது நிமிஷத்தில் போயிற்று. வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்தபடி ஃபேனுக்கு அடியில் வைத்து வாசித்தபோது அரை மணி நேரம் தாங்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சூடு. போர்டில் எங்கேயோ ஏதோ ஒரு பாகத்தின் உலோகக் கால், சூடேறினால் ஈயத்தை விட்டு விலகுகிறது.

இப்படிப்பட்ட நோய்க்கு அவள்தான் டாக்டர். கம்பெனியில் அவள் வேலையே அதுதான்: லைனில் ஃபெயிலாகி வரும் போர்டுகளை லென்ஸுக்கு அடியில் வைத்து, விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்து மறுபடி ஈயம் வைப்பது. ரீவொர்க் டேபிள், ஆபரேட்டர் நம்பர் நாற்பத்தேழு. சூடான காற்று, குளிர வைக்கும் ஸ்ப்ரே, நுனி ஊசி மாதிரி இருக்கும் அயர்ன், எல்லாம் அங்கே இருக்கிறது. ஹாஸ்டலில் என்ன இருக்கிறது, ஒரு இஸ்திரிப் பெட்டியும் வார்டனும்.

எனவே சனிக்கிழமை விடியற்காலை போர்டைக் கழற்றினாள். கழற்றிய போர்டை யாராக இருந்தாலும் ஒரு பழைய நியூஸ் பேப்பரில் சுற்றியிருப்பார்கள். அவளால் முடியவில்லை. வெறும் போர்டைக் கவரில்லாமல் பார்த்தால் இரண்டு வருஷப் பழக்கத்தில் அவளுக்குக் கை கூசும். ஹாஸ்டலில் பெண்கள் ஹேர்பின் போட்டு வைக்கிற ரோஸ் நிறக் கவர் ஒன்றைக் காலி செய்தாள். கம்பெனியில் போர்டு போடுகிற அதே கவர், கிழிந்து ஒதுக்கியது. அதில் போட்டு, எலுமிச்சம்பழச் சாதத்துக்கு அடியில் பையில் வைத்தாள்.

பெண்கள் கேட்டில் அன்று இரண்டு பேர் டியூட்டி. அவள் வந்தது சென்னம்மா நின்ற வரிசை. சென்னம்மா தொரப்பள்ளிக்காரி, காண்ட்ராக்ட் செக்யூரிட்டி. ஆறு மணி ஷிஃப்டுக்கு இரண்டு நிமிஷம்தான் இருந்தது. லேட் பஞ்ச் விழுந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். சென்னம்மா டிபன் மூடியைத் தூக்கிச் சாதத்தைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள்.

"செல்போனு கிது இல்லியே? ஓடு கண்ணு, ஓடு" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டாள்.

பத்து மணி இடைவேளையில் எல்லாரும் கேன்டீனுக்குப் போக, பொற்கொடி போர்டுக்குக் கரண்ட் கொடுத்து மீட்டரை வைத்தாள். சூடான காற்றை மெல்லக் காட்டினாள். ஐந்து வோல்ட் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. ஒரு சொட்டு குளிர் ஸ்ப்ரே. ஐந்து வந்தது. லென்ஸைக் குனிந்து பார்த்தாள். கரண்டை ஒழுங்குபடுத்தும் சின்ன ஐ.சி.யின் நடுக் காலைச் சுற்றி மயிரிழைக் கீறல். ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது இதுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்தாள். கண்ணாடி மாதிரி பளபளத்தது. மறுபடி சூடு காட்டினாள். மீட்டர் அசையவில்லை.

அங்கேதான் பழக்கம் இன்னொரு வேலை செய்தது. ஈயம் வைத்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், போர்டு ஓரத்தில் தன் நம்பர் ஸ்டாம்ப் குத்த வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற காரியம். மனசு அத்திப்பள்ளி மேடையில் இருந்தது, கை ஸ்டிக்கரை ஒட்டியது, ஸ்டாம்பைக் குத்தியது, கவரில் போட்டு மூடியது. தன் சொந்த போர்டில் கம்பெனி முத்திரையைக் குத்திவிட்டோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

உள்ளே போகும்போது செல்போன் தேடுவார்கள், வெளியே வரும்போது போர்டு தேடுவார்கள். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தவளின் பை மேல் டிடெக்டர் கீச்சென்றது. பைக்குள் கையை விட்டவள் சென்னம்மாதான், அவளுக்கு அன்று டபுள் டியூட்டி. ரோஸ் கவரை வெளியே எடுத்த பிறகு அவள் பொற்கொடியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வரிசையில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறைக்க வழியில்லை.

செக்யூரிட்டி இன்சார்ஜ் ஆஞ்சப்பன் பட்டாளத்தில் இருந்து வந்தவர், சூளகிரிப் பக்கம். கெட்ட மனுஷர் என்று யாரும் சொன்னதில்லை. ரூல் என்று ஒன்று இருந்துவிட்டால் மட்டும் சொந்தத் தாயையும் வரிசையில் நிறுத்துவார்.

"இது என்னம்மா?"

"என் கித்தாரோட போர்டு சார். ரிப்பேர் பண்ண எடுத்துட்டு வந்தேன்."

"கித்தாருக்குள்ள எதுக்கும்மா போர்டு? கித்தாருன்னா கம்பிதானே?"

"இதுல போர்டு இருக்கு சார். இதுலதான் சத்தமே வருது."

அவர் போர்டைத் திருப்பினார். சிவப்பு அம்பு. நீல மையில் நாற்பத்தேழு.

"கம்பெனி கவரு, கம்பெனி ஸ்டிக்கரு, உன் நம்பரு. இதை உன்னுதுன்னு நான் எப்படிம்மா நம்பறது?"

பொற்கொடிக்கு அப்போதுதான் அந்த ஸ்டாம்ப் கண்ணில் பட்டது. திருடி என்று ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சொல் அறைக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. ஆஞ்சப்பன் லைன் இன்சார்ஜ் பாஸ்கரனுக்குப் போன் போட்டார். பாஸ்கரன் குருபரப்பள்ளியில் ஏதோ நிச்சயதார்த்தத்தில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவில், பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார்.

"திங்கக்கிழமை முடியாது சார்" என்றாள் பொற்கொடி. "நாளைக்கு நாலு மணிக்கு எனக்கு அது வேணும். கித்தாரைக் கொண்டு வரச் சொல்றேன். உங்க முன்னாடியே மாட்டி வாசிச்சுக் காட்டறேன். என்னுது இல்லன்னா போலீஸ்ல குடுங்க."

ஆஞ்சப்பன் யோசித்தார். இது நியாயமாகத்தான் பட்டது. ஹாஸ்டல் பஸ் ஏறப் போன அறைத் தோழி தர்ஷினியை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்கள். ஜெனரல் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப்போக மாலையில் பஸ் காலியாக வரும், அதில் கித்தாரோடு வருவதாகச் சொல்லிவிட்டுத் தர்ஷினி போனாள்.

மூன்று மணி நேரம் பொற்கொடி செக்யூரிட்டி அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கேட், கேட்டுக்கு வெளியே ரோடு, ரோட்டில் அத்திப்பள்ளி போகிற பஸ்கள் வரிசையாகப் போயின. எழுந்து நடந்தால் இருபது அடி. ஆனால் போர்டு ஆஞ்சப்பனின் பீரோவில் இருந்தது. சென்னம்மா ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்குத் தர்ஷினி கித்தாரோடு வந்து இறங்கினாள். கேட்டுக்குள் எது வந்தாலும் இன்வேர்ட் ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். சென்னம்மா ரெஜிஸ்டரைத் திறந்து, 'கித்தார் – 1' என்று எழுதினாள்.

அந்த நேரத்தில் பொற்கொடிக்கு ஒரு புத்தி தோன்றியது. லைனில் எதை வாங்கினாலும் நிலையைப் பார்த்து எழுதி வாங்கு என்று இரண்டு வருஷம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, பின்னாடி மூடியைத் திறந்து காட்டறேன், பாருங்க. காலியா இருக்கா? நிலைங்கிற இடத்துல 'உள்ளே போர்டு இல்லை'ன்னு எழுதுங்க. அப்பத்தான் அந்த போர்டு இதோடது இல்லன்னு நாளைக்கு யாரும் மாத்திப் பேச முடியாது."

ஆஞ்சப்பன் குனிந்து பார்த்தார். போர்டு இருந்த குழி காலியாக இருந்தது. "இது கரெக்டு. எல்லாரும் இப்படி இருந்துட்டா எனக்கு வேலையே இல்ல" என்று பாராட்டினார். சென்னம்மா எழுதினாள். பொற்கொடி கையெழுத்துப் போட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயால் கெட்டது போதாதென்று கையெழுத்தும் போட்டுக் கெட்டாள்.

பீரோவில் இருந்து போர்டு வந்தது. ஸ்க்ரூ டிரைவர் ஆஞ்சப்பனுடையது. பட்டை ஒயரைச் செருகி, நாலு திருகையும் முடுக்கினாள். போர்டு குழியில் அச்சாக உட்கார்ந்தது. சத்தம் கேட்க ஆம்ப்ளிஃபையர் வேண்டுமே என்று பார்த்தால், பஸ் நம்பர் கூப்பிடுகிற மைக் செட் அங்கேயே இருந்தது. மைக் பின்னைப் பிடுங்கிவிட்டுக் கித்தார் ஒயரைச் செருகினாள்.

முதல் மீட்டிலேயே கேட் கம்பத்தில் இருந்த குழாய் ஸ்பீக்கர் அதிர்ந்தது. மரக் கித்தார். குமிழைத் திருப்பினாள், பன்னிரண்டு கம்பி. இன்னும் திருப்பினாள், சிதார் சத்தம் பார்க்கிங் ஷெட் வரை போனது. வெளியே டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆஞ்சப்பன் வாயைத் திறந்தபடி கித்தாரையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பொற்கொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். எட்டு நிமிஷம். ஒன்பது. பத்தாவது நிமிஷத்தில் அவளுக்கு மூச்சு நின்றது, கித்தாருக்கு நிற்கவில்லை. பதினைந்து நிமிஷமானதும் நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் முதல் தடவையாக அத்திப்பள்ளி நிஜமான ஊராகத் தெரிந்தது.

"உன்னுதுதான்மா. நான் ஒத்துக்கறேன். யார் கேட்டாலும் சொல்றேன்" என்றார் ஆஞ்சப்பன்.

"அப்ப எடுத்துட்டுப் போகட்டுமா சார்?"

"கித்தாரை எடுத்துக்கிட்டுப் போ. போர்டைக் கழட்டிக் குடுத்துடு."

அவளுக்குப் புரியவில்லை. அவர் ரெஜிஸ்டரைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். குரலில் கடுமை இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"கித்தாரு வரும்போது உள்ளே போர்டு இல்லன்னு எழுதி, நீயே கையெழுத்து போட்டிருக்கியே. வந்தது எப்படியோ அப்படித்தாம்மா போகணும். போர்டுக்கு இன்வேர்ட் என்ட்ரியே கிடையாது. என்ட்ரி இல்லாத போர்டு வெளிய போகணும்னா எச்.ஆர். கையெழுத்து வேணும். எச்.ஆர். திங்கக்கிழமை ஒம்போதரைக்கு வருவாரு."

"அந்த வரியை அடிச்சுடுங்க சார்."

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்ட ரெஜிஸ்டரு. அடிச்சா ஆடிட்ல என்னையத்தான் அடிப்பாங்க."

தர்ஷினி கெஞ்சிப் பார்த்தாள். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்று சொல்லலாம் என்றால், இங்கே பூசாரியும் கொடுக்கத்தான் ஆசைப்பட்டார், ரெஜிஸ்டர் கொடுக்கவில்லை. ஆஞ்சப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்குது. காலையில கேட்ல செக் பண்ணாம விட்டது யாருன்னு சொல்லு. 'விட்டுப்போன என்ட்ரி'ன்னு அவங்க பேர்ல எழுதி, நான் கையெழுத்துப் போட்டு இப்பவே அனுப்பிடறேன். அதுக்கு ரூல் இருக்குது. லேடீஸ் கேட்ல ரெண்டு பேரு இருந்தாங்க. நான் எட்டு மணிக்குத்தான் வந்தேன்."

"பேர் எழுதினா அவங்களுக்கு என்ன சார் ஆகும்?"

"காண்ட்ராக்ட்தானே. போன மாசம் கேட்ல இருந்த முத்துமணியை வேலையை விட்டு அனுப்பினாங்க இல்ல, அதுதான்."

சென்னம்மா கதவோரம் நின்றிருந்தாள். டிடெக்டரைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். பொற்கொடியிடம் கண்ணால் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும்.

பெயரைச் சொல்ல வேண்டும் என்றுதான் பொற்கொடிக்கு இருந்தது. அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. ஐந்தே எழுத்து, வாயைத் திறந்தால் மைசூர். யார் வேலை போனால் எனக்கென்ன, என் வாழ்க்கையை யார் பார்த்தார்கள் என்று ஒரு கோபம் நெஞ்சு வரை வந்தது. ஆனால் காலையில் முதுகில் தட்டிய கை அந்த இடத்திலேயே இன்னும் இருந்தது. லேட் பஞ்ச் விழக்கூடாதே என்று ஓட விட்ட கை. அதைப் பிடித்துக் கொடுத்துவிட்டு எந்த மேடையில் ஏறி வாசிப்பது?

"கூட்டமா இருந்துச்சு சார்" என்றாள். "யாருன்னு கவனிக்கலை."

ஆஞ்சப்பன் அவளையே பார்த்தார். பிறகு சென்னம்மாவை ஒரு தடவை பார்த்தார். தெரிந்துகொண்டாரோ என்னவோ, ரெஜிஸ்டரை மூடிவிட்டார்.

"அப்ப கழட்டிடும்மா."

"பஸ் ஆறு மணிக்குத்தானே சார்?"

"ஆமா. இன்னும் கால் மணி இருக்குது."

"அதுவரைக்கும் வாசிச்சுக்கறேன்."

அதைத் தடுக்க ஏதாவது ரூல் இருக்கிறதா என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இருக்கவில்லை.

ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் கேட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். சோதனைக்கு நீண்ட வரிசை. பொற்கொடி பெஞ்ச் நுனியில் உட்கார்ந்து, சாந்தம்மாவுக்கு வாசிக்க என்று வரிசைப்படுத்தி வைத்திருந்ததை முதலில் இருந்து ஆரம்பித்தாள். முகூர்த்தத்துக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று, ரிசப்ஷனுக்குக் குத்தாட்டம் ஒன்று. வரிசையில் நின்ற பையன்கள் தோளை ஆட்டினார்கள். டிபன் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கண்ணை மூடிக் கேட்டாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது, கம்பெனியில் ஏதோ விழா என்று நினைத்துக்கொண்டார்கள். கித்தார் ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை.

பஸ் நம்பர் கூப்பிட வேண்டிய நேரம் வந்தது. மைக் பின் பிடுங்கிக் கிடந்தது. சென்னம்மா அதைத் தொடவில்லை. வெளியே போய் வரிசைக்கு முன்னால் நின்று, "ரூட்டு நாலு. ரூட்டு ஏழு. ஹாஸ்டல் வண்டி ஏறுறவங்க ஏறுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்திவிட்டு இன்னொரு தடவை கத்தினாள். அதற்குள் சிதார் பகுதி முடிகிற இடத்துக்கு வந்திருந்தது.

பஸ் ஹாரன் அடித்தது. பொற்கொடி ஒயரைப் பிடுங்கினாள். கித்தாரைக் குப்புறக் கிடத்தி நாலு திருகையும் கழற்றினாள். வெளியே எடுத்த போர்டு உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. ஆஞ்சப்பன் கையை நீட்டினார், அவள் கொடுத்தாள்.